படித்துவிட்டுப் போகக் கூடாத பரீட்சை

எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு டைரி தருவார்கள். இருபத்தேழு வருடங்களாக அதில் எழுதி வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் இல்லை. மழை, ரயில் தாமதம், வீட்டுக்கு வந்தவர்கள், படித்து முடித்த புத்தகம், இவைதான் பெரும்பாலும் இருக்கும். என் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்த மார்ச் மாதத்திலிருந்து அதே வருடம் செப்டம்பர் வரையிலான பக்கங்களை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். டைரியும் அவள் ஞாபகமும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அங்கே இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் கடைசி வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியில் கூப்பிட்டார்கள். வகுப்பாசிரியை விடைத்தாள்களை மேஜைமேல் பரப்பினார். பாதிக்கு மேல் வெற்றிடம். எழுதியிருந்த இடங்களில் வார்த்தைகள் பாதியில் நின்றிருந்தன.

"வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள். சில சமயம் நான் கேட்காததையும் சொல்கிறாள். தாளைக் கொடுத்தால் இப்படி. இது டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம், சோதித்துப் பாருங்கள்" என்றார்.

எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. படித்திருக்கிறேன். படித்ததை என் வீட்டோடு சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பழைய டைரிகளைப் புரட்டினால் அவளுடைய இரண்டாம் வகுப்பிலிருந்தே ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "இன்றும் பத்து முறை எழுத வைத்தேன்." எதை எழுத வைத்தேன் என்று ஓரிடத்திலும் இல்லை. அவள் கவனமில்லாதவள் என்றே எட்டு வருடங்கள் நினைத்திருந்தேன்.

பள்ளி சொன்னதன் சாரம் இது. நகராட்சி மருத்துவமனையில் முறைப்படி சோதித்துச் சான்றிதழ் வாங்கினால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளையும் தருவார்கள். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். சான்றிதழ் செப்டம்பர் முப்பதுக்குள் பள்ளிக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் மற்றவர்களைப்போலவே அவளும் மூன்று மணி நேரத்தில் தன் கையால் எழுத வேண்டும். அப்படி எழுதினால் தேறமாட்டாள் என்பது ஆசிரியைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மகளுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

ஏப்ரலில் பெயர் கொடுத்தோம். கண் பரிசோதனை, காது பரிசோதனை, மனநல மருத்துவரின் அறிவுத்திறன் சோதனை எல்லாம் ஜூனுக்குள் முடிந்தன. அறிவுத்திறனில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது வாசிப்புச் சோதனை மட்டும். அதற்கு ஜூலையில் நாள் கிடைத்தது.

சோதனை நடத்தியவர் என் வயதை ஒட்டிய ஓர் ஆசிரியை. தாராவியில் பிறந்து வளர்ந்தவர். முதல் பத்து நிமிடம் இந்தியில்தான் பேசிக்கொண்டிருந்தோம். மகளிடம் நான் தமிழில் ஏதோ சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"எம்மா, தமிழா நீங்க? மொதல்லயே சொல்லப்படாதா? நானும் அரமணி நேரமா இந்தியில மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

"மாட்டுங்கா" என்றேன்.

"அதான் பாத்தேன். வகுப்புக்கு வந்த மாதிரி நோட்டு, பென்சிலு எல்லாம் கொண்டாந்திருக்கிய."

மகள் பதற்றமாக இருந்ததால் என்னையும் உள்ளே உட்கார அனுமதித்தார். நான் அறையின் மூலையில் உட்கார்ந்து, பழக்கத்தில் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். மாட்டுங்கா தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி; அங்கே என் வயதுப் பெண்கள் பலரும் பதினேழு வயதில் சுருக்கெழுத்து வகுப்புக்குப் போனவர்கள்தான். எங்கள் வீடுகளில் மெட்ரிக் முடிந்ததும் அடுத்த வேலை அது. யாராவது சீராகப் பேச ஆரம்பித்தால் என் கை தானாக ஓடும். சொற்பொழிவோ சங்கக் கூட்டமோ ரயில் நிலைய அறிவிப்போ, எதுவானாலும் சரி.

ஆங்கிலப் பத்திகள் நான்கு. முதலில் மகள் வாசிப்பாள். பிறகு ஆசிரியை அதையே வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்பார். பனிமலையில் தபால் கொண்டு போகும் ஒருவனைப் பற்றிய பத்தியை மகள் வாசித்தபோது அவனால் முதல் வீட்டுக்கே போய்ச் சேர முடியவில்லை. ஆசிரியை வாசித்துக் காட்டிய பிறகு அவன் எந்த வீட்டில் என்ன சாப்பிட்டான் என்பதுவரை சொன்னாள்.

நான்காம் பத்தி முடிந்து, எழுதிக் காட்டும் பகுதி தொடங்கும் முன் வெளியே சத்தம் கேட்டது. காலையிலிருந்து பெய்த மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஊழியர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"கெளம்புங்க, கெளம்புங்க. ரயிலு நிக்கதுக்கு முன்ன வீடு போய்ச் சேருங்க" என்று கோப்பை மூடினார். "ஒரே உக்காருல முடிச்சாத்தான் இது கணக்கு. அடுத்த தடவ மொதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்."

ஆகஸ்டில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்.

அன்று மாலை வீட்டில் நோட்டைப் பிரித்தபோது நான்கு பத்திகளும் அதில் முழுமையாக இருந்தன. நான் எதையும் திருட நினைத்துப் போகவில்லை. ஆனால் நோட்டைப் பார்த்ததும் எனக்குள் என்ன தோன்றியது என்பதை டைரி அப்படியே வைத்திருக்கிறது: "பரீட்சைக்குரிய பகுதி தெரிந்துவிட்டது. ஒரு மாதம் இருக்கிறது. நன்றாகச் செய்யலாம்."

நன்றாகச் செய்வது என்றால் என்ன என்று நான் யோசிக்கவில்லை. பரீட்சை இருக்கிறது, பகுதி இருக்கிறது, நாள் இருக்கிறது. என் வீட்டில் இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்து நடப்பது ஒன்றுதான். மறுநாள் முதல் தினமும் மாலையில், காய் நறுக்கிக்கொண்டே நான்கு பத்திகளையும் வாசித்தேன். அவள் தரையில் படுத்து, கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். அப்படிப் படுக்காதே என்று தினமும் சொன்னதும் டைரியில் இருக்கிறது.

என் கணவர் ஒரு மாலை சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"இது என்ன பாடம்?"

"ஹாஸ்பிடல் டெஸ்டுக்கு."

"எந்த டெஸ்ட்? அவளால படிக்க முடியலேன்னு பார்க்கற டெஸ்டா?"

"ஆமாம்."

"அதுக்கு எதுக்குடீ படிச்சுண்டு போகணும்?"

"திடீர்னு போய் நின்னா பயந்துக்க மாட்டாளா? கொஞ்சம் பழகியிருந்தா நல்லதுதானே. நீங்க போய்ப் பேப்பரைப் பாருங்கோ."

அவர் போய்ப் பேப்பரைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் இன்னொரு முறை கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கலாம். அவர் எதையும் இரண்டு முறை கேட்கிறவர் அல்ல.

இரண்டாவது சோதனை ஆகஸ்டில் நடந்தது. டைரி ஒத்துப்போகாத இடம் இதுதான். என் டைரியில் அது செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. மகள் வியாழக்கிழமை என்கிறாள். பேருந்திலிருந்து இறங்கிய இடத்தில் ஒருவர் ரோஜா விற்றுக்கொண்டிருந்ததாகவும், வியாழக்கிழமை சாயிபாபா கோயிலுக்குப் போகிறவர்களுக்காக மட்டுமே அவர் அங்கே நிற்பார் என்றும் சொல்கிறாள். பிறகு மருத்துவமனை அட்டையில் குத்திய முத்திரையைப் பார்த்தேன். வியாழக்கிழமைதான். அன்று இரவு நான் எழுதவில்லை. நான்கைந்து நாள் கழித்துக் காலியாக இருந்த ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அன்றும் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை தாள்களைக் கொடுத்தார். மகள் முதல் பத்தியைத் தடையில்லாமல் வாசித்தாள். இரண்டாவதும் அப்படியே. ஆசிரியை நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது, தபால்காரன் பத்தி. தபால்காரன் கதவைத் தட்டினான் என்று சொல்லிவிட்டு மகள் நிறுத்தினாள். கதவு திறக்கக் காத்திருப்பதுபோலச் சற்று நேரம் காத்திருந்து பிறகு தொடர்ந்தாள். அந்த இடத்தில் எங்கள் வீட்டில் குக்கர் விசில் வரும். நான் நிறுத்தி, விசில் அடங்கியதும் தொடர்வேன். அடுத்த வரியில் என்னைப்போலவே தொண்டையைச் செருமினாள். பத்தி பக்கத்தின் அடியில் முடியாமல் பின்பக்கத்துக்குப் போகிறது. அவள் பின்பக்கத்தின் இரண்டு வரிகளைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு தாளைத் திருப்பினாள்.

ஆசிரியை கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். மகள் நிறுத்தவில்லை. தாள் இல்லாமலே தபால்காரனை மலையிலிருந்து இறக்கி வீட்டில் கொண்டு சேர்த்தாள்.

"பேட்டா, இதை எங்கே படித்தாய்?" என்று இந்தியில் கேட்டார்.

"நான் படிக்கலே ஆன்ட்டி" என்று மகள் தமிழிலேயே சொன்னாள். "அம்மா படிச்சா. நான் கேட்டுண்டேன்."

அவள் முகம் மலர்ந்திருந்தது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு பரீட்சையில் அவள் நன்றாகச் செய்தது அதுதான் முதல் தடவை.

ஆசிரியை அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். என் நோட்டைக் கேட்டார். சுருக்கெழுத்துக் கோடுகளைச் சிறிது நேரம் புரட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா, கோலமா?"

சொன்னேன்.

"நான் வாசிக்க வாசிக்க எழுதிட்டிய." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நாலு வருசமா எத்தனையோ பிள்ளையளப் பாத்துட்டேன். அடிச்சுக் கூட்டிட்டு வந்தவுக உண்டு, அழுதுகிட்டே வந்தவுக உண்டு. இதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தது நீங்க ஒரு ஆளுதான். ரத்தம் எடுக்கணும்னு சொன்னா அதுக்கும் ராத்திரி பூரா படிச்சுட்டு வருவிய போலிருக்கே."

நோட்டை மூடி என்னிடம் நீட்டினார்.

"சிரிக்கதா அழுகதான்னு தெரியல. இந்தத் தாள இனி ஆறு மாசத்துக்கு அவளுக்குக் குடுக்க முடியாது. இன்னைக்கு உள்ளத எழுதுனா, நல்லா வாசிக்கான்னுதான் நான் எழுதணும்."

ஆறு மாதம் என்றால் பிப்ரவரி. சான்றிதழ் செப்டம்பர் முப்பதுக்குள் வேண்டும். அவருக்கும் அது தெரியும். கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

கடைசியில் சொன்னார்: "இன்னொரு செட்டு தாள் இருக்கு. அதக் குடுக்கதுக்கு எங்க மேடத்துகிட்ட கேக்கணும். கேட்டுப் பாக்கேன். ஆனா ஒண்ணு. அதுவர நீங்க அவளுக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லிக் குடுக்கப்படாது. ஸ்கூல் பாடமும் சேத்துத்தான். அவளா என்ன பண்ணுதான்னு பாருங்க, பாத்துட்டுச் சும்மா இருங்க. முடியுமா?"

"முடியும்" என்றேன்.

"பாப்போம்" என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் மகளிடம் சொன்னேன். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ நான் நன்னா பண்ணினதுதான் தப்பா?"

"உன்மேல தப்பு இல்லே. என்மேல."

"அடுத்த தடவை நான் ஃபெயில் ஆகணுமா?"

"இல்லடீ. நீ எப்படிப் படிப்பியோ அப்படிப் படிக்கணும்."

"அரே அம்மா, அதுதானே ஃபெயில்."

எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது.

அடுத்த ஐந்து வாரங்கள் நான் சும்மா இருந்தேன். டைரி அந்த வாரங்களில் வழக்கத்தைவிட நிறைந்திருக்கிறது. சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாக எழுதிக்கொண்டிருந்தேன் போலும்.

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. பத்து நாளில் பள்ளியில் அவளுக்குச் சரித்திரத் தேர்வு. விடுதலைப் போராட்டப் பாடத்தை என் கணவர் ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு வெளியே போனார். அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டக் கூடாது என்று தடை இல்லை. தடை எனக்கு மட்டும்தான். அவள் சமையலறையிலிருந்து டம்ளர்கள், கிண்ணங்கள், இரண்டு கரண்டி, உப்பு ஜாடி எல்லாவற்றையும் எடுத்து வந்து கூடத்தில் பரப்பினாள். ஒவ்வொன்றும் ஒரு சம்பவம். ஒன்றை எடுத்து இன்னொன்றின் முன்னால் வைப்பாள், தள்ளி நின்று பார்ப்பாள், மாற்றி வைப்பாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அந்த ஜாடி எந்த வருஷம்?"

"அம்மா! நீ பேசப்படாது."

"சொல்லிக் குடுக்கலே. கேக்கறேன்."

"வருஷம் தெரியாது. வருஷம் எதுக்கு? இந்த டம்ளர் கவிழ்ந்ததுனாலதான் ஜாடி வந்தது. ஜாடி வந்ததுனால இந்த ரெண்டு கிண்ணமும் நகர்ந்தது. இதை இங்கேர்ந்து எடுத்துட்டா பின்னாடி இருக்கற ஒண்ணுமே நிக்காது, பாரு."

எடுத்துக் காட்டினாள். எனக்குச் சரித்திரம் என்றால் வருடங்களின் வரிசை. ஒவ்வொரு வருடத்திலும் ஓர் ஆணி அடித்து அதில் சம்பவத்தை மாட்டி வைத்திருக்கிறேன். ஆணிகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. அவளிடம் ஆணியே இல்லை. ஒன்றை ஒன்று தள்ளும் பொருள்கள்தான் இருந்தன.

பிறகு அவளாகவே கேட்டாள்.

"உப்பு எடுக்க எல்லாரும் அவ்வளவு தூரம் நடந்தாளே, நம்ம வடாலாவுல உப்பளம் இருக்கே. இங்க யாரும் எடுக்கலையா?"

ஹார்பர் லைன் ரயிலில் போகும்போது அவள் பார்த்த உப்பளம். பாடப்புத்தகத்தில் வடாலா இல்லை. நான் முப்பது வருடமாகச் சரித்திரம் படிப்பவள், வடாலாவைத் தாண்டி எத்தனையோ முறை போனவள், இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அடுத்த வாரம் நூலகத்தில் தேடினேன். வடாலா உப்பளத்திலும் கூட்டம் கூட்டமாகப் போய் உப்பு எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "பின்னே? எடுக்காம இருந்திருப்பாளா?" என்றாள், அது வெளிப்படையான விஷயம்போல.

சரித்திரத் தேர்வில் அவளுக்கு நாற்பதுக்கு ஒன்பது. வடாலாவை எழுத ஆரம்பித்து வார்த்தையின் நடுவில் நேரம் முடிந்துவிட்டிருந்தது.

அந்த வாரங்களில் ஒரு மாலை என் சுருக்கெழுத்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். அதில் எழுத்துக்கூட்டலே கிடையாது. காதில் விழும் ஒலி எதுவோ அதுதான் கோடு. கடினமான ஆங்கில வார்த்தையையும் எளிய வார்த்தையையும் ஒரே வேகத்தில் எழுதலாம். இதற்குத்தான் பதினெட்டு வயதில் எனக்குச் சான்றிதழும் வேலையும் கொடுத்தார்கள். அதே வாரம் இதை டைரியிலும் குறித்திருக்கிறேன், கருத்து எதுவும் சொல்லாமல்.

மேடம் ஒத்துக்கொண்டார் என்று செப்டம்பர் மூன்றாம் வாரம் தொலைபேசி வந்தது. இருபத்தாறாம் தேதி, காலை பத்து மணி.

இந்த முறை என்னை உள்ளே விடவில்லை. "நோட்ட என் மேசையில வச்சுட்டு வெளிய உக்காருங்க" என்றார் ஆசிரியை. "பென்சிலையும்."

அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் பிளைவுட் தடுப்புதான். சத்தம் வந்தது. மகள் வாசிக்க ஆரம்பித்தாள். புதிய பத்தி, எனக்குத் தெரியாதது. முதல் வரியிலேயே நின்றாள். ஒரு வார்த்தையைத் தொட்டு, விட்டு, முதல் எழுத்தை வைத்து வேறொரு வார்த்தையைச் சொன்னாள். அது பொருந்தவில்லை என்று அவளுக்கே தெரிந்து திரும்பிப் போனாள். அடுத்த வரிக்குப் போவதற்குப் பதில் அதே வரிக்கு மீண்டும் வந்தாள். எட்டு வருடங்கள் என் சாப்பாட்டு மேஜையில் இதைக் கேட்டிருக்கிறேன். கவனம், கவனம் என்று சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை. அது கவனக்குறைவு இல்லை. முதுகில் மூட்டையோடு ஒருவர் படியேறுவதுபோல இருந்தது.

ஒரு கட்டத்தில் சரளமாக ஐந்தாறு வார்த்தைகள் வந்தன. நன்றாக வாசித்துவிடுவாளோ என்று பயந்தேன். ஒரு தாய், மகள் வாசிப்பதைக் கேட்டு அடுத்த வார்த்தையில் தடுக்கி விழ வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். மகள் அடுத்த வார்த்தையில் தடுக்கினாள். என் ஆள்காட்டி விரல் கைப்பையின் மேல் கோடு போட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்து, கையை மடக்கி வைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவள் வெளியே வந்தபோது கழுத்துப்பட்டி வியர்வையில் நனைந்திருந்தது.

"என்னாச்சு?" என்றேன்.

"நான் எப்படிப் படிப்பேனோ அப்படிப் படிச்சேன்" என்றாள். "வடா பாவ் வாங்கிக் குடு."

சான்றிதழ் இருபத்தொன்பதாம் தேதி பிற்பகல் தயாராயிற்று. ஆசிரியை அதை என்னிடம் தராமல் மகளிடம் கொடுத்தார்.

"உன்னோடது. நீ வச்சுக்க. அம்மா மனப்பாடம் பண்ணிருவாவ."

பள்ளி அலுவலகம் மூடுவதற்குள் கொண்டு சேர்த்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். பொதுத்தேர்வில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுத, இவள் சொன்னாள். தேறினாள். சரித்திரத்தில்தான் அதிக மதிப்பெண். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பாடங்களை யாராவது வாசித்தால் கேட்கிறாள், இல்லாவிட்டால் தொலைபேசியை வாசிக்க வைக்கிறாள். கால்கள் இன்னும் சுவரில்தான்.

பள்ளிக்குக் கொடுக்கும் முன் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவள் சான்றிதழை என்னிடம் நீட்டினாள்.

"ஒரு தடவை வாசி."

வாசித்தேன். வறண்ட ஆங்கிலம். வயது, சோதித்த நாள், அறிவுத்திறன் சராசரிக்கு மேல் என்று ஒரு வரி. அதற்கடுத்த வரி அவளுடைய வாசிப்பு எந்த வகுப்புக் குழந்தையின் நிலையில் இருக்கிறது என்று சொன்னது. அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

"நிறுத்தாதே. படி."

மூன்றாம் வகுப்பு என்று இருந்தது. படித்தேன். அவள் தலையசைத்துக் கேட்டுவிட்டுத் தாளை வாங்கி மடித்தாள்.

அன்று மாலை என் கணவர், சான்றிதழில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டார். தாள் பள்ளியில் இருந்தது. மகள் சமையலறை வாசலில் நின்றபடி முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை ஒப்பித்தாள். ஒரு வார்த்தை தப்பவில்லை. ஓரிடத்தில் மட்டும் நின்றாள். நான் நின்ற அதே இடத்தில், நான் நின்ற அதே நேரம். பிறகு மேலே போனாள்.